கண்மாய்க் கரையில் ஓடத் தொடங்குவோருக்கு: முதலில் மூச்சு, பிறகு வேகம்

மேலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பன்னிரண்டு இளைஞர்களுக்கு ஓட்டப் பயிற்சி அளித்துவரும் ஒருவர் கேட்டிருக்கிறார். அவர்களில் பெரும்பாலோர் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்கு ஆயத்தமாகிறவர்கள். மூன்று பேர் பெண்கள். இருவருக்கு மட்டும் பத்து கிலோமீட்டர் ஓட்டத்தில் கலந்துகொள்ள ஆசை. தினமும் காலையில் கண்மாய்க் கரையில் 1500 மீட்டரை முழு வேகத்தில் ஓடவிட்டு நேரம் குறித்துக்கொள்கிறார். ஒரு மாதம் ஆகியும் நேரம் குறையவில்லை. பாதித் தூரத்திலேயே மூச்சு இரைத்து நின்றுவிடுகிறார்கள். இருவருக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பையொட்டி வலி வந்துவிட்டது. மூச்சையும் வேகத்தையும் சேர்த்து வளர்க்க என்ன வழி என்பதே கேள்வி.

தினமும் நீங்கள் அவர்களுக்கு வைத்துக்கொண்டிருப்பது தேர்வு. பயிற்சி இன்னும் தொடங்கவே இல்லை. மாணவனுக்குப் பாடம் நடத்தாமல் நாள்தோறும் வினாத்தாளை மட்டும் நீட்டினால் மதிப்பெண் எப்படி ஏறும்? ஆறேழு நிமிடம் நீடிக்கும் ஓட்டத்தில் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு ஆக்சிஜனைக் கொண்டு உண்டாக்கப்படுவது. எஞ்சிய ஒரு பங்குதான் ஆக்சிஜன் போதாத நிலையில் தசைகள் அவசரத்துக்குத் திரட்டிக்கொள்வது. தினமும் தலைதெறிக்க ஓடுகிறவர்கள் அந்த ஒரு பங்கைத் திரும்பத் திரும்பக் கசக்கிப் பிழிகிறார்கள். மறுநாள் காலை கால் கனத்துப்போய் வருகிறார்கள். நான்கு பங்கை வளர்ப்பதற்கு நாளும் இல்லை, தெம்பும் இல்லை. எனவே அடுத்த எட்டு வாரங்களுக்கு விசில், நிறுத்துக் கடிகாரம் இரண்டையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள் என்பதுதான் என் முதல் யோசனை.

மூச்சு என்று நாம் சொல்வது நுரையீரலின் வேலை மட்டுமன்று. மெதுவாக, நெடுநேரம், வாரத்தில் பல நாள் ஓடும்போது இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தள்ளும் இரத்தத்தின் அளவு கூடுகிறது. தசை இழைகளைச் சுற்றி நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. தசைச் செல்லுக்குள் ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றலை ஆக்கித் தரும் மைட்டோகாண்ட்ரியாக்கள் மிகுகின்றன. இவை சில வாரங்களில் தொடங்கி மாதக்கணக்கில் வளர்பவை. அவசரப்படுத்தினால் வளர்ச்சி விரைவதில்லை. நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட் இதை உலகுக்குக் காட்டியவர். வெறும் 800 மீட்டர் ஓடுகிறவரைக்கூட வாரத்துக்கு நூறு மைல் வரை சாலையில் ஓடவைத்தார். அவரிடம் பயின்ற பீட்டர் ஸ்நெல் 1960-இல் ரோம் ஒலிம்பிக்கில் 800 மீட்டரில் தங்கம் வென்றார், அதே நாளில் அவருடைய இன்னொரு மாணவரான மர்ரி ஹால்பெர்க் 5000 மீட்டரில் தங்கம் வென்றார். நூறு மைல் என்ற கணக்கு உங்கள் பையன்களுக்கு உரியதன்று. அடித்தளத்தை முதலில் போட்டுவிட்டு வேகத்தை அதன்மேல் ஏற்ற வேண்டும் என்ற வரிசைதான் உரியது.

எவ்வளவு மெதுவாக என்பதற்குக் கைக்கடிகாரமும் இதயத்துடிப்புக் கருவியும் தேவையில்லை. கூடவே ஓடிக்கொண்டு, “நேத்து ராத்திரி என்னப்பா சாப்பிட்ட?” என்று கேளுங்கள். “ரெண்டு தோசை, தக்காளிச் சட்னி, அப்புறம் அம்மா ஒரு முட்டை அவிச்சுக் குடுத்துச்சு” என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தால் வேகம் சரி. “தோசை… ணே” என்று துண்டு துண்டாக வந்தால் வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். இதில் பெரிய சிக்கல் உடலில் இல்லை, மானத்தில் இருக்கிறது. ஊர் பார்க்க மெதுவாக ஓடுவதற்கு இருபது வயதுப் பையனுக்குக் கூச்சமாக இருக்கும். ஒருவன் வேகமெடுத்தால் மற்றவர்களும் போட்டிபோட்டுக்கொண்டு ஓடிவிடுவார்கள். குழுவிலேயே மெதுவாக ஓடுகிறவரை முன்னால் விட்டு, அவரை யாரும் தாண்டக்கூடாது என்று விதி வைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

முதல் நான்கு வாரம் வாரத்துக்கு நான்கு நாள் போதும். முதல் வாரம் இரண்டு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என மாற்றி மாற்றி அரை மணி நேரம். அடுத்த வாரம் நான்கு நிமிடம் ஓடி ஒன்றரை நிமிடம் நடக்கலாம். மூன்றாவது வாரம் ஆறும் ஒன்றும். நான்காவது வாரம் பத்தும் ஒன்றும். ஐந்து, ஆறாவது வாரங்களில் பெரும்பாலோர் நிற்காமல் அரை மணி நேரம் ஓடத் தொடங்கிவிடுவார்கள். யாராவது பின்தங்கினால் அதே வாரத்தை இன்னொரு முறை செய்யட்டும். அதில் இழப்பு ஒன்றுமில்லை. தூரத்தைக் கணக்கிடாமல் நேரத்தைக் கணக்கிடுவதே தொடக்கத்தில் நல்லது, ஏனெனில் தூரம் என்று சொன்னவுடன் சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்ற எண்ணம் வந்துவிடும். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தை மட்டும் வாரத்துக்கு ஐந்து நிமிடம் வீதம் நீட்டி ஐம்பது, அறுபது நிமிடம் வரை கொண்டுபோங்கள். மூன்று வாரம் ஏற்றினால் நான்காவது வாரம் சற்றே இறக்குங்கள்.

வலி வந்த இருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் தொடக்க ஓட்டக்காரர்கள் பாதியில் விட்டுவிடுவதற்கு மூச்சைவிட இதுவே பெரிய காரணம். இதயமும் தசையும் சில வாரங்களில் தேறிவிடும்; தசைநாண்களும் எலும்பும் தேற மாதங்கள் ஆகும். இந்த இடைவெளியில்தான், “மூச்சு வந்துவிட்டது, இனி எவ்வளவு வேண்டுமானாலும் ஓடலாம்” என்று பையன் நினைக்கும் அந்தக் கட்டத்தில்தான், முன்கால் எலும்பு முறையிடத் தொடங்குகிறது. அவர்களை உட்காரவைத்து எலும்பின் உட்புற விளிம்பை விரலால் அழுத்திப் பாருங்கள். ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால், ஓட்டச்சுமை திடீரென்று கூடியதால் வந்த வலியாகவே பெரும்பாலும் இருக்கும். இரண்டு வாரம் ஓட்டத்தை நிறுத்தி, நடையும் சைக்கிளுமாக மூச்சைக் காப்பாற்றிக்கொண்டு, வலி அடங்கியபின் முதல் வாரத்துப் பயிற்சியிலிருந்து திரும்பத் தொடங்கலாம். மாறாக, ஒரே இடத்தில் விரல்நுனி அளவுக்குச் சுளீரென்று வலித்தாலோ, ஒற்றைக் காலில் குதிக்க முடியாவிட்டாலோ, இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தாலோ எலும்பில் நுண்விரிசல் இருக்கலாம். எலும்பு மருத்துவரிடம் அனுப்புங்கள். முதல் இரண்டு மூன்று வாரங்களில் அந்த விரிசல் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும் என்பதால், எக்ஸ்ரே நன்றாக இருக்கிறதே என்று மறுநாளே ஓடவிடக் கூடாது. வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவதும், தேர்வு நெருங்கும் காலத்தில் யாரோ சொன்னார்கள் என்று ஊசி போட்டுக்கொள்வதும் நம் பக்கத்தில் இல்லாதது அன்று. அதற்கு மட்டும் கறாராக இடம் கொடுக்காதீர்கள்.

கண்மாய்க் கரை ஓட நல்ல இடம். தார்ச்சாலையைவிட மண்பாதை காலுக்கு இதமானது. ஆனால் கரை பெரும்பாலும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். ஒரே திசையில் ஓடினால் தினமும் ஒரே காலுக்குச் சுமை கூடும். போனவழியே திரும்பி வருமாறு அமைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரை வழுக்கும். இருட்டில் பூச்சிபொட்டு கிடக்கும் என்பதால் கையில் டார்ச் வேண்டும். நான்குவழிச் சாலையின் ஓரத்தில் ஓடுவதைத் தவிருங்கள். வேறு வழியே இல்லையென்றால் எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி, வெளிர்நிறச் சட்டையோடு, ஒருவர் பின் ஒருவராக ஓட வேண்டும்.

செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலில் ஓடலாமா என்று உங்கள் பையன்கள் கேட்டிருப்பார்கள். சக்கிமங்கலத்து ரேவதியின் பெயரையும் சொல்லியிருப்பார்கள். பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்து, தொடக்கத்தில் வெறுங்காலில் ஓடி, மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் பயிற்சி பெற்று, 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 4×400 மீட்டர் கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடிய ரேவதி வீரமணி நமக்கெல்லாம் பெருமைதான். ஆயினும் காலணி வாங்க வசதி இல்லாததால் அவர் வெறுங்காலில் ஓடினார் என்பதையும், பின்னர் காலணியோடுதான் ஓடினார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சீமைக்கருவேல முள் உதிர்ந்து கிடக்கும் கரையில் வெறுங்கால் வேண்டாம். விலை உயர்ந்த ஷூவும் வேண்டாம்; குதிகால் ஆடாமல், விரல்களுக்கு முன்னே கட்டைவிரல் அகலம் இடம் விட்டிருக்கிற எந்த ஓட்டக் காலணியும் போதும். புதுக் காலணியைத் தேர்வு நாளன்று முதன்முதலாகப் போடக் கூடாது.

இனி வேகம். நான்காவது வாரத்திலிருந்தே வேகத்தின் விதையைத் தூவலாம். வாரத்தில் இரண்டு நாள், மெதுவோட்டம் முடிந்த கையோடு, எண்பது முதல் நூறு மீட்டர் தூரத்தை ஆறு முறை ஓடச் சொல்லுங்கள். மெல்லத் தொடங்கி, நடுவில் வேகம் ஏற்றி, இறுதியில் தளர்த்திவிட வேண்டும். உச்ச வேகம் வேண்டியதில்லை. முகம் இறுகாமல், தோள் உயராமல், கை முன்னும் பின்னுமாக வீசி ஓடுகிறார்களா என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நடுவே மூச்சு முழுதாகத் தேறும் வரை நடக்கட்டும். இதில் களைப்பு வராது. ஆனால் நரம்புக்கும் தசைக்கும் வேகமாக ஓடும் பழக்கம் படிந்துவிடும். பாதத்தை உடலுக்கு வெகு முன்னால் எட்டிவைத்துக் குதிகாலால் தரையைக் குத்துகிறவர்களைக் கவனியுங்கள். காலடி நீளத்தைக் குறைத்துக் காலடிகளை விரைவாக வைக்கச் சொன்னால் பெரும்பாலும் அதுவே சரியாகிவிடும்.

ஏழாவது வாரத்திலிருந்து வாரத்துக்கு ஒரு நாள் மேடு. கரைமேல் ஏறும் சரிவான வண்டிப்பாதை அறுபது மீட்டர் இருந்தால் போதும். அதற்காக அழகர்மலை வரை போக வேண்டியதில்லை, அங்கே போனால் பயிற்சியைவிடக் குரங்குகளைச் சமாளிப்பதே பெரும்பாடு. எட்டு முறை மேலே ஓடி, ஒவ்வொரு முறையும் நடந்து இறங்கட்டும். மேட்டில் கால் பலமாகிறது, அதேவேளை தரையில் விழும் அடி குறைகிறது. அதனால் தொடக்கக்காரர்களுக்குச் சமதள விரைவோட்டத்தைவிட இது பாதுகாப்பானது. இன்னொரு நாள், ஸ்வீடன் நாட்டுப் பயிற்சியாளர் கோஸ்டா ஹோல்மர் 1930-களில் உருவாக்கிய ஃபார்ட்லெக் முறையைக் கையாளலாம். அடுத்த பனைமரம் வரை விரைவு, அதற்கடுத்தது வரை மெதுவு என்று நிற்காமல் இருபது நிமிடம் ஓடுவதுதான் அது. பையன்களுக்கு விளையாட்டாகவும் இருக்கும்.

ஒன்பதாவது வாரத்தில்தான் கடிகாரத்தை வெளியே எடுக்க வேண்டும். ஆண் காவலர் தேர்வில் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும் என்பது நடைமுறை. ஒவ்வொரு அறிவிப்பையும் தனியே படித்து உறுதிசெய்துகொள்ளுங்கள். 7 நிமிடம் என்றால் 400 மீட்டர்ச் சுற்றுக்கு 112 விநாடி. பதற்றம், கூட்டம், வெயில் எல்லாவற்றுக்கும் இடம்விட்டு 6 நிமிடம் 30 விநாடியை இலக்காக வைத்தால் சுற்றுக்கு 104 விநாடி. இந்த 104 விநாடி வேகத்தில் 400 மீட்டரை ஐந்து முறை, நடுவே இரண்டு நிமிட நடையோடு, மேட்டு ஓட்டத்துக்குப் பதிலாக, வாரத்தில் ஒரே ஒரு நாள் ஓடட்டும். ஐந்தாவது சுற்றும் முதல் சுற்றின் நேரத்திலேயே முடிய வேண்டும். முதலாவதை 90 விநாடியில் ஓடிவிட்டு ஐந்தாவதை 120 விநாடியில் முடிக்கிறவரைப் பாராட்டாதீர்கள். பிறகு சுற்றுகளை ஆறு, ஏழு என்று கூட்டலாம், அல்லது நடை நேரத்தை ஒன்றரை நிமிடமாகக் குறைக்கலாம். ஒரே வாரத்தில் இரண்டையும் செய்யக் கூடாது. பனைமரக் கணக்கு ஓட்டத்துக்குப் பதிலாக, இரண்டு மூன்று சொல் மட்டுமே பேச முடிகிற வேகத்தில் பதினைந்து, இருபது நிமிடம் தொடர்ந்து ஓடுவதையும் இப்போது சேர்க்கலாம். முழு 1500 மீட்டரை நேரம் பார்த்து ஓடுவது மூன்று வாரத்துக்கு ஒருமுறை போதும். ஆக, வாரத்தில் கடினமான நாள்கள் இரண்டைத் தாண்டக் கூடாது. அவை அடுத்தடுத்தும் வரக் கூடாது.

அந்த முழு ஓட்டத்துக்காவது கரையை விட்டு 400 மீட்டர்த் தடத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். ரேஸ்கோர்ஸில் செயற்கைத் தடம் இருக்கிறது. தடத்தில் 1500 மீட்டர் என்பது மூன்றே முக்கால் சுற்று. முதலில் முக்கால் சுற்று, பிறகு மூன்று முழுச் சுற்று. 6 நிமிடம் 30 விநாடி இலக்குக்காரர் இறுதிக்கோட்டை முதன்முறை தாண்டும்போது 1 நிமிடம் 18 விநாடி, அடுத்து 3 நிமிடம் 2 விநாடி, அடுத்து 4 நிமிடம் 46 விநாடி. இந்த மூன்று எண்களையும் உள்ளங்கையில் எழுதிக்கொள்ளட்டும். பாதித் தூரத்தில் நின்றுவிடுகிற உங்கள் பையன்கள் முதல் 300 மீட்டரை ஒரு நிமிடத்துக்குள் ஓடிவிடுகிறார்கள் என்று என்னால் பார்க்காமலே சொல்ல முடியும். இன்னொன்றையும் சொல்லிக்கொடுங்கள்: வளைவுகளில் வெளிப்பக்கமாக ஓடினால் தூரம் கூடும். முதல் தடத்துக்குப் பதில் இரண்டாவதில் ஓடினால் சுற்றுக்கு ஏழு மீட்டருக்கும் மேல் அதிகம். முந்துவதென்றால் நேர்ப்பகுதியில் முந்த வேண்டும்.

பெண்கள் மூவருக்கும் மூச்சுப் பயிற்சி இதுவேதான். அவர்களுக்கான தகுதி ஓட்டம் 400 மீட்டர், 2 நிமிடம் 30 விநாடி. அதைத் தாண்டுவது கடினமன்று, அடுத்து வரும் 100 அல்லது 200 மீட்டரில்தான் மதிப்பெண் இருக்கிறது என்பதால் ஒன்பதாவது வாரத்துக்குப்பின் அவர்கள் 60, 80 மீட்டர் விரைவோட்டங்களுக்குக் கூடுதல் நேரம் ஒதுக்கலாம். ஒழுங்காகப் பயிற்சி செய்தும் மூச்சு ஏறாத பெண்ணை முதலில் ஹீமோகுளோபின் பரிசோதனைக்கு அனுப்புங்கள். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருக்கிறது. ஆக்சிஜனைச் சுமக்கும் பொருளே குறைவாக இருக்கும்போது சோம்பல் என்று திட்டிப் பயனில்லை. இரும்புச்சத்து மாத்திரை மருத்துவர் சொன்னபடி; சாப்பிட்டவுடன் டீ குடிக்கும் வழக்கம் இருந்தால் அதை ஒரு மணி நேரம் தள்ளிப்போடட்டும், டீ இரும்புச்சத்தை உடல் ஏற்பதைத் தடுக்கும்.

வெயிலைப் பொறுத்தவரை, பங்குனியிலிருந்து ஆனி வரை ஐந்து மணிக்குத் தொடங்கி ஆறரைக்குள் முடித்துவிடுங்கள். வெக்கையில் அதே வேகத்துக்கு இதயம் அதிகம் துடிக்கும். பேச்சுச் சோதனையின்படி ஓடினால் வேகம் தானாகக் குறையும், அதை அப்படியே விட்டுவிட வேண்டும். உடல் வெக்கைக்குப் பழகப் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். யாராவது தள்ளாடினாலோ, உளறினாலோ நிழலில் கிடத்தி, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள். நினைவு தெளியாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. உணவுக்குப் பவுடர் டப்பா எதுவும் தேவைப்படாது. ஓடுமுன் ஒரு வாழைப்பழம். முடிந்தபின் உப்புப் போட்ட நீர்மோரோ நீச்சத்தண்ணியோ, கேப்பைக் கூழோடு முட்டையும் அவித்த பயறும் போதும். தாகத்துக்குக் குடித்தால் போதும். லிட்டர் லிட்டராக வெறும் தண்ணீரை நிரப்பிக்கொள்வதும் ஆபத்தானதே.

தேர்வுக்கு ஒரு மாதமே இருக்கிறது என்றால் மேலே சொன்ன அட்டவணைக்கு நேரமில்லை. அப்போதும் தினசரி முழுவேக ஓட்டத்தை நிறுத்துங்கள். வாரத்துக்கு மூன்று மெதுவோட்டம், ஒரு நாள் இலக்கு வேகத்தில் 400 மீட்டர்ச் சுற்றுகள் என்று மாற்றினாலே களைப்பு நீங்கிச் சில விநாடிகள் குறையும். சரியான முதற்சுற்று வேகத்தைப் பழகிக்கொள்வதால் மேலும் சில விநாடிகள் கிடைக்கும். எல்லோருக்கும் பொதுவாக, கடைசிப் பத்து நாளில் ஓடும் அளவைப் பாதியாகக் குறைத்து, குறுகிய விரைவோட்டங்களை மட்டும் விட்டுவையுங்கள்.

பத்து கிலோமீட்டர் ஆசை உள்ள இருவரும் முதல் எட்டு வாரம் மற்றவர்களோடு ஓடட்டும். பிறகு 400 மீட்டர்ச் சுற்றுகளுக்குப் பதிலாக 1000 மீட்டரை நான்கு முறை, மூன்று நிமிட இடைவெளியோடு ஓடலாம். ஞாயிறு ஓட்டத்தை எழுபத்தைந்து நிமிடம் வரை நீட்டலாம். போட்டியன்று முதல் மூன்று கிலோமீட்டரில் அவர்களால் இன்னும் முழு வாக்கியம் பேச முடிய வேண்டும், ஏழாவது கிலோமீட்டர் வரை பாதி வாக்கியம். அதன் பிறகு பேச்சு எதற்கு, ஓடட்டும்.